நைனா பிரமாணம் செய்த வீடியோ

நான் இதுவரை செய்தவற்றில் ஜனங்கள் அதிகமாக ஆசைப்பட்டது நான் செய்யாத ஒன்றுக்குத்தான். ஒன்றரை நிமிட வீடியோவுக்குள் அது பிரமாதமாக வேலை செய்தது. வீடியோவுக்கு வெளியே அப்படி ஒன்று கிடையாது. இதைப் பித்தலாட்டம் என்று நினைக்க வேண்டாம். இதற்கு ஒரு முறை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, முடிவில் சான்றிதழ்கூடத் தருகிறார்கள்.

பெங்களூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு, கல்லூரித் தோழி ஒருத்தியோடு சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கத் திருப்பதிக்கு வந்தேன். அவள் சித்தூர்க்காரி, வீட்டில் தெலுங்கு. எனக்குக் கங்காதர நெல்லூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம், வீட்டில் தமிழ். நாங்கள் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறோம் என்பது எங்களுக்கே தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய லாட்ஜ் ஒன்றை மூடி, அறை அறையாக ஆபீசுகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் எங்களுக்கு ஓர் அறை. போர்டை மட்டும் இறக்க மறந்துவிட்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குடும்பங்கள் மூச்சு வாங்கப் படியேறி வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் ரூம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். போர்டு இருக்கிறதே என்பார்கள். இல்லாத பொருளுக்கு ஒரு போர்டு இருந்தால் போதும், ஆட்கள் வருவார்கள் என்பதை அந்தப் படிக்கட்டிலேயே இலவசமாகக் கற்றுக்கொண்டிருக்கலாம். நாங்கள் அதற்கு ஒரு பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தோம்.

திட்டத்தில் எங்களுக்கு ஒரு வழிகாட்டி. பெங்களூரில் இருந்தபடியே வாரம் ஒருமுறை திரையில் தோன்றுவார். அவருக்குப் பின்னால் பெரிய புத்தக அலமாரி தெரியும். அவர் கையை வேகமாக ஆட்டினால் அலமாரியின் ஓரம் கரைந்து, பின்னால் துணி காயப்போட்ட கொடி ஒரு கணம் தெரிந்து மறையும். எதையும் செய்து முடித்துவிட்டு விற்கப் போகாதீர்கள் என்பதுதான் அவருடைய உபதேசம். முதலில் அது இருப்பதுபோல ஒரு வீடியோ எடுங்கள், ஜனங்களுக்குக் காட்டுங்கள், ஆசைப்பட்டால் செய்யுங்கள், ஆசைப்படாவிட்டால் வீடியோவோடு போகட்டும், உங்கள் ஒரு வருஷ உழைப்பு மிச்சம் என்பார். கேட்க நியாயமாக இருந்தது. இப்போதும் நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஜில்லாவில் வீடியோ எடுத்தால் அதில் எங்கள் ஜில்லாக்காரர்கள் வருவார்கள் என்பதை மட்டும் அவர் கணக்கில் வைக்கவில்லை.

எங்கள் யோசனை மாங்காய் வரிசையைப் பற்றியது. எங்கள் பக்கம் விளைவது பெரும்பாலும் தோத்தாபுரி, கூழ் எடுக்கிற ஜாதி. சீசன் வந்தால் எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் பறிப்பார்கள். எல்லா டிராக்டரும் ஒரே நேரத்தில் ஜூஸ் பேக்டரி வாசலுக்குப் போய் நிற்கும். ரோட்டோரமாக வரிசை ஊர் தாண்டிப் போகும். மேலே லோடு வெயிலில் வேக, டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்து ஆள் படுத்திருப்பான். அயர்ந்து தூங்கவும் முடியாது, வரிசை நகரும்போது எழுந்து வண்டியை எடுக்காவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். தாமதமானால் பழம் கசிந்துபோகும், வாசலில் மூக்கை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வருஷா வருஷம் அந்த வரிசையில் கிடந்துவிட்டு வந்து ஒரு வாரத்துக்கு எல்லோர் மேலும் எரிந்து விழுவார்.

இதற்குத்தான் மருந்து கண்டுபிடித்தோம். வரிசையில் உங்கள் இடத்தைப் போன் பிடித்து வைக்கும். நீங்கள் வீட்டில் இருங்கள். முறை வரும்போது போன் அடிக்கும், போய் இறக்கிவிட்டு வாருங்கள். எப்படிப் பிடித்து வைக்கும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. வீடியோவில் அந்தக் கேள்வி எழாதபடி பார்த்துக்கொண்டோம்.

பேக்டரி வாசலில் படம் எடுக்க யாரும் விடவில்லை. வடமாலபேட்டை ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தின் இரும்புக் கேட் பார்வைக்கு அப்படியே இருந்ததால், அதைப் பேக்டரி ஆக்கினோம். போனில் தெரிந்ததெல்லாம் தோழி வரைந்த படங்கள். விரல் பட்டதும் மாறுவதுபோல் அவளே வெட்டி ஒட்டிவிடுவாள். விவசாயியாக நடிக்கத் திருப்பதியில் ஓர் ஆளைப் பிடித்தோம், நகைக்கடை விளம்பரங்களில் வருகிறவர். ஒரு மாங்காயைக் கையில் கொடுத்தால் அதையும் நெக்லஸ் பெட்டிபோல் இரண்டு விரலில் பிடித்துக் காமிராவுக்குத் திருப்பிக் காட்டினார். அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு நைனாவுக்குப் போன் போட்டேன்.

எங்கள் ஊரில் நைனா பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை என்றால் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். இது அவருக்கும் தெரியும் என்பதால், ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை சொல்வார். மகள் கூப்பிட்டாள், காமிரா இருக்கிறது என்றதும் மீசைக்கு மை பூசிக்கொண்டு, என் கல்யாணத்துக்கென்று தைத்து நான் கல்யாணமே செய்துகொள்ளாததால் மடிப்புக் கலையாமல் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பின்னாலேயே சாப்பாட்டுக் கூடையோடு அம்மா.

'இந்த வசதி வந்தபின் என் நேரம் மிச்சமாகிறது' என்று நான் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பள்ளிக்கூட உறுதிமொழிபோல் விறைத்து நின்று வாசித்தார். மறுபடி எடுத்தோம். மறுபடியும் உறுதிமொழி. வெயில் ஏறிக்கொண்டே போனது, மீசை மை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தோழி, "நைனா, அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடுங்க. உங்க ஊர்க்காரங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லுங்க" என்றாள். நைனா தொண்டையைச் செருமினார். காமிராவை மறந்து அதன் பின்னால் யாரோ நிற்பதுபோல் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"நான் பொய் சொல்றவன் இல்லப்பா. வூட்ல சோறு துன்னுட்டு தூங்கிக்கினு இருந்தேன். போன் வந்துச்சு. போனேன், எறக்கினேன், வந்தேன். வரிசையாவது கிரிசையாவது. காணிப்பாக்கம் சாமி மேல பிரமாணமா சொல்றேன்."

தோழி துள்ளிக் குதித்தாள். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. காணிப்பாக்கம் பிள்ளையார்தான் எங்கள் பக்கத்தின் கடைசிக் கோர்ட்டு. போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்லலாம், நீதிமன்றத்தில் சொல்லலாம், பெண்டாட்டியிடம் தினம் சொல்லலாம். அங்கே சொல்லக் கூடாது. தகராறு முற்றினால், "காணிப்பாக்கம் வரியா?" என்று ஒருவன் கேட்பான். வந்தால், கோனேரு என்கிற கோயில் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சாமி முன்னால் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவனைச் சாமி சும்மா விடாது என்பது எங்கள் ஊரில் நம்பிக்கைகூட இல்லை, வெறும் தகவல். பாதிப் பேர் குளத்துப் படியிலேயே உண்மையைச் சொல்லிவிட்டு உலர்ந்த வேட்டியோடு திரும்பிப்போவார்கள்.

"இன்னாய்யா பண்ணிட்டே?" என்றாள் அம்மா.

"சினிமால தாலி கட்றானே, அது கல்யாணமா?" என்றார் நைனா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"சினிமால கட்றது அட்டத் தாலி. நீ சொன்னது நெச சாமி."

நைனா கூடையைத் திறந்து என்ன குழம்பு என்று பார்த்தார். எனக்கும் அது சரியாகப் படவில்லை, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்தவற்றில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. வைத்துக்கொண்டோம். கீழே ஒரு நம்பர் போட்டு, மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னோம். கொடுத்தவர்களுக்குத் தானாக ஒரு செய்தி போகும்: உங்கள் பெயர் பதிவாகிவிட்டது, நாங்கள் அழைப்போம்.

வீடியோவை நாலைந்து விவசாயி வாட்சப் குழுக்களில் போட்டோம். ராத்திரி போட்டது காலையில் எங்களுக்கே நாலு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. மிஸ்டு கால் வந்து வந்து போன் சூடேறி, அதை ஜன்னலில் காற்றாட வைத்தோம். வழிகாட்டி திரையில் கைதட்டினார். அலமாரி கரைந்து கொடியில் தொங்கிய பனியன் முழுசாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததே இல்லை, ஜனங்களின் வலியைத் தொட்டுவிட்டீர்கள் என்றார். அன்று தோழியும் நானும் பஸ் நிலையத்து மெஸ்ஸில் முழுச் சாப்பாட்டுக்கு மேல் ஆளுக்கொரு பாயசம் வாங்கிக் குடித்தோம்.

திட்டத்தின் அடுத்த பாடம், பெயர் கொடுத்தவர்களை அழைத்து ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பது. தோழி போனை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவராகக் கேட்டாள். பங்காருபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கேள்வியே அபத்தம் என்பதுபோல் சொன்னார்: "ஆயன காணிப்பாக்கம் மீத பிரமாணம் சேசினாடு கதம்மா." அவர்தான் காணிப்பாக்கத்தின் மேல் பிரமாணம் செய்துவிட்டாரே, அப்புறம் என்ன? அடுத்தவரும் அதையே தமிழில் சொன்னார். அதற்கடுத்தவர் ஒரு பெண். என்ன பொருள் என்று கேட்டதற்கு, "அது தெரியாதும்மா, பெரியவர் சத்தியம் பண்ணாரு, கொடுத்துட்டேன்" என்றாள். ஒருவர் புது சிம் கார்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு மாந்தோப்பே கிடையாது.

நாங்கள் எங்கள் பொருளைச் சோதித்துப் பார்க்கவில்லை. பிள்ளையாரைச் சோதித்துப் பார்த்திருக்கிறோம். அவர் நல்ல மார்க்கில் பாஸ் செய்திருந்தார்.

வழிகாட்டியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் காணிப்பாக்கம் என்ற சொல்லைக் குறித்துக்கொண்டு, அது வேறு கம்பெனியா என்று கேட்டார். சாமி என்றேன். அதையும் குறித்துக்கொண்டு, ஜனங்களிடம் அவ்வளவு செல்வாக்கு இருந்தால் அடுத்த வீடியோவிலும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்றார். தோழி மைக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சீசன் தொடங்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தோப்பை ஒட்டி நைனாவின் பங்காளி ஒருவருக்குத் தோப்பு உண்டு. நைனாவின் சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா. அதிர்ந்து பேசாத மனிதர். அவரும் மிஸ்டு கால் கொடுத்திருந்தார், எங்களுக்குத் தெரியாது. அந்த வருஷம் எங்களுக்கு முன்னால் அவருடைய தோப்பில்தான் பறிப்பு. பறித்து டிராக்டரில் ஏற்றி, வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரில் மற்ற டிராக்டர்களெல்லாம் பேக்டரிக்குக் கிளம்பிப் போயின. போகிறவர்கள் கூப்பிட்டதற்கு, "எனக்கு போன் வரும், நீங்க போங்க" என்றாராம். நான் திருப்பதியில் இருந்தேன். நைனாவும் அம்மாவும் வேலூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா கண்ணை மூடவில்லை. தூங்கும்போது போன் வந்து எடுக்காமல் போய்விட்டால் முறை தவறிவிடும் என்று பயந்திருக்கிறார். மறுநாளும் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மரத்தடியில் ஈ மொய்த்தபோது எழுந்து வண்டியை எடுத்திருக்கிறார். வரிசை பிடித்து வாசலுக்குப் போனதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லோடை அப்படியே ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனாவும் அம்மாவும் ஊர் திரும்பியிருந்தார்கள், விஷயம் கேள்விப்பட்டு நானும் வந்திருந்தேன். அவர் சத்தம் போடுவார், போட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவர் போடவில்லை. கொடுத்த காபியைக் குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நைனாவிடம் பேசினார்.

"அண்ணா, காணிப்பாக்கம் வா. கோனேட்டுல முழுகிட்டு, 'எனக்கு போன் வந்துச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லு. உனக்கு வந்துச்சு, எனக்கு வரல, என் நேரம்னு நெனச்சிக்கினு போயிடறேன். வேற ஒண்ணும் வேணாம்."

அது நடிப்பு சித்தப்பா, அப்படி ஒரு பொருளே இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

"வரேன். என் காய எறக்கிட்டு வரேன்."

சித்தப்பா போனபின் அம்மா அழ ஆரம்பித்தாள். நான் நைனாவிடம், நடித்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன, உயிரா போய்விடும் என்று கத்தினேன். நைனா கோபமாகப் பேசினால் பயமாக இருக்காது. அன்று அவர் மெதுவாகப் பேசினார்.

"நடிப்புன்னு சொன்னா, போன வருசம் வரப்புக்குச் சொன்னியே அது இன்னான்னு கேப்பாம்மா. அதுக்கு முந்தின வருசம் சொன்னது இன்னான்னு கேப்பான். எங்கேர்ந்து எங்க வரிக்கும் நடிப்புன்னு நான் கோடு போட்டுக் காட்டறது?"

பிறகு என் பக்கம் திரும்பி, வீடியோவில் பேசிய அதே குரலில் சொன்னார்: "நீ அத செஞ்சி குடு. ஒரு தபா போதும். நான் வூட்ல சோறு துன்னுட்டு தூங்கிக்கினு இருக்கணும். போன் வரணும். போவணும், எறக்கணும், வரணும். அதுக்கப்புறம் முழுகறேன்."

இப்படித்தான் எங்கள் கம்பெனிக்கு முதல் ஆர்டர் கிடைத்தது. வாடிக்கையாளர் ஒருவர், உபயோகம் ஒருமுறை, தவறினால் சாமி குத்தம். வழிகாட்டியின் பாடங்களில் இப்படி ஒரு நிலைமை வந்ததாக எனக்கு நினைவில்லை.

தோழியும் நானும் பேக்டரி வாசலுக்குப் போய் விசாரித்தோம். வண்டி இல்லாமல் வரிசை இல்லை என்றார் வாட்ச்மேன். போனாவது, பதிவாவது, எது வாசலுக்கு வருகிறதோ அதற்கு டோக்கன். ஆகவே உலகத்திலேயே எளிமையான தொழில்நுட்பத்தைக் கையாண்டோம். எங்கள் டிராக்டரைக் காலி டிரெய்லரோடு கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவது, வாசல் நெருங்கும்போது போன் செய்வது, நைனா வாடகை டிராக்டரில் லோடோடு வந்ததும் காலி வண்டியை விலக்கி அந்த இடத்தில் லோடை நுழைப்பது. நைனாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் டிராக்டர் எனக்கு ஓட்டத் தெரியும். காலி என்று தெரியாமலிருக்க டிரெய்லரின் மேல் தார்பாய் போட்டு இழுத்துக் கட்டினோம். அதுவும் ஒரு டெமோதான், கொஞ்சம் பெரிய திரையில்.

வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். டீசல் புகை, பழத்தின் புளித்த வாசனை, கையால் விரட்டினாலும் நகராத ஈக்கள். பக்கத்து வண்டிகளில் இருந்தவர்கள் முதலில் பெண்பிள்ளை டிராக்டரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள். முன் வண்டிக்காரர் இறங்கி வந்து, "வீடியோல வர்ற பெரியவரு பொண்ணு தானே நீ? அதே மூக்கு" என்றார். ஆமாம் என்றேன். அவரும் பதிவு செய்திருக்கிறாராம். பின்னால் இருந்தவரும். வரிசையிலிருந்து தப்பிப்பதற்காக எங்களிடம் பெயர் கொடுத்தவர்களில் பலர் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். யாருக்கும் கோபமில்லை. தங்கள் போன் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்கள். தார்பாயைத் தூக்கிக் காட்டி, இதுதான் அந்தப் பொருள் என்றேன். காலி டிரெய்லரைப் பார்த்துவிட்டு, முன் வண்டிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். "அப்ப வரிசை கொறையாது, ஒரு வண்டி கூடும்" என்றார். ஆமாம், அதுதான் எங்கள் கண்டுபிடிப்பு.

மத்தியானம் தாண்டி வாசல் கண்ணில் பட்டது. நைனாவுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"இரும்மா. இன்னும் தூங்கல."

"எழுப்பி அனுப்பும்மா, வாசல் வந்துடுச்சு!"

"தூங்கினா தானே எழுப்பறது? துன்னுட்டாரு. படுத்துக்கினு கண்ண மூடிக்கினு கீறாரு. தூக்கம் வரலயாம். தூங்கிக்கினு இருந்தேன்னு சொல்லிக் கீறாரே, தூங்காம எப்படி வர்றது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு சொல் பிசகினாலும் முழுகும்போது இடிக்கும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அம்மா ஜன்னலைச் சாத்தி, விசிறியைத் திருப்பி வைத்து, தலையில் எண்ணெய் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். என் வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டி ஒருவரைப் போகச் சொன்னேன், அப்புறம் இன்னொருவரை. நான்காவது ஆளும் போனபின், ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, எங்கள் கம்பெனியின் எதிர்காலம் ஒரு மனிதரின் குறட்டையில் தொங்குகிறதே என்று நினைத்தபோது போன் அடித்தது.

"இப்ப அடி. குறட்ட உட்றாரு."

வைத்துவிட்டு நான் அடித்தேன். நைனா எடுத்தார். தூக்கம் கலைந்த நிஜமான குரலில், "யாரு?" என்றார். வந்தார், இறக்கினார், போனார். வாட்ச்மேன் மட்டும் காலி டிரெய்லரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நல்ல நாள் பார்த்து நாங்கள் காணிப்பாக்கம் போனோம். நைனா, அம்மா, நான், சித்தப்பா, ஒரே ஆட்டோவில். பங்காளிகள் இருவரும் வழியெல்லாம் மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நைனா தெம்பாக இருந்தார். இப்போது அவர் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குளத்துப் படியில் சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். முழுகுவதற்கு மூக்கைப் பிடித்தபோது, படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கூப்பிட்டார்.

"அண்ணா, இரு."

நைனா மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு வந்துச்சு. ஊரே பாத்துச்சு, பாப்பா காலி வண்டில குந்திக்கினு இருந்தத. அத நீ சொல்ல வேணாம்." அவர் எங்களைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினார். "எனக்கு இன்னொரு பறிப்பு கீது. அதுக்கு எனக்கு போன் வருமா? அத சொல்லு."

நைனா வாயைத் திறந்தார். காமிரா முன்னால் அத்தனை சுலபமாக வந்த சொல் அங்கே வரவில்லை. தண்ணீரில் நின்றபடி என்னைப் பார்த்தார். ஊருக்கே பஞ்சாயத்து சொல்கிற அந்த மனிதர் அப்படிப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதில்லை. போன் வருமா வராதா என்பது அவர் கையில் இல்லை. நாங்கள் இத்தனை பேரிடம் ஆசைப்படுகிறீர்களா என்று கேட்டிருக்கிறோம். வருமா என்று எங்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் நினைத்ததைவிடச் சில்லென்றிருந்தது. சுடிதாரோடு முழுகி எழுந்தேன். நால்வரும் உள்ளே போனோம். சொட்டச் சொட்டச் சாமி முன்னால் நின்று சொன்னேன்: "சித்தப்பாவுக்கு போன் வரும்." இதைவிடச் சின்ன வசனத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

வழிகாட்டியிடமும் சொன்னேன். ஒரு ஆளுக்கு ஒரு டிராக்டர் என்றால் இது வளராது என்றார். உண்மைதான். திட்டத்திலிருந்து எங்களை மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். தோழி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, பேக்டரிக்காரர்களே முறையை முன்கூட்டிச் சொல்லும்படி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு பேக்டரி மட்டும் 'பார்க்கலாம்' என்றிருக்கிறது. அது வேலை செய்யும்வரை வீடியோ எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். ரூம் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

சித்தப்பாவின் அடுத்த பறிப்புக்குத் தார்பாய் கட்டவில்லை. காலி டிரெய்லரைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினேன். முன்னால் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். வெயில் சாயும்போது வாசல் நெருங்கியது. போன் போட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், முதல் மணியிலேயே எடுப்பார் என்று நினைத்தேன். நீளமாக அடித்தது. சின்னம்மா எடுத்தாள்.

"எழுப்பட்டுமாம்மா? லோட மரத்தடில உட்டுட்டு உள்ள வந்து படுத்தாரு. பாப்பா பாத்துக்கும்னாரு. அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கிக்கினு கீறாரு."

போன பறிப்புக்கு இரண்டு நாள் கண் மூடாமல் உட்கார்ந்திருந்த மனிதர். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் சின்னம்மா" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, பின்னால் இருந்தவருக்கு வழி விட்டேன்.